அலமாரிக்குள் ஒரு சீமாட்டி: சாப்ளினின் கடைசிப் படம் எங்கே தடுமாறியது?

1967 ஜனவரி தொடக்கத்தில் லண்டனில் சார்லி சாப்ளினின் புதுப் படம் வெளியானது. 1957-க்குப் பிறகு அவரிடமிருந்து படமே வரவில்லை. கதாநாயகன் மார்லன் பிராண்டோ, கதாநாயகி சோஃபியா லாரன். எழுத்து, இயக்கம், இசை மூன்றும் சாப்ளின். அவர் வாழ்நாளில் வண்ணத்தில் எடுத்த ஒரே படமும் இதுதான். பெயர் 'அ கவுண்டஸ் ஃப்ரம் ஹாங்காங்', நம் வழக்கில் சொன்னால் ஹாங்காங் சீமாட்டி. ஏறக்குறைய முழுக் கதையும் ஒரு பயணிகள் கப்பலின் முதல் வகுப்பு அறைக்குள் நடக்கிற காதல் நகைச்சுவை.

படம் ஓடவில்லை. விமர்சகர்கள் பழமை தட்டிவிட்டது என்று எழுதினார்கள். நடித்தவர்களில் சிலரே கசப்போடு பேசினார்கள். சாப்ளினைப் பற்றிய பெரும்பாலான கட்டுரைகள் இந்தப் படத்தை இரண்டு வரியில் கடந்து போய்விடும்.

நானும் முதல் தடவை பார்த்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன். பிறகு சாப்ளினின் பழைய 'சிட்டி லைட்ஸ்' படத்தை மறுபடி பார்த்த ஒரு வாரத்தில் ஏதோ நினைவு தட்டி இதைத் திரும்ப எடுத்தேன். அப்போதுதான் இந்தப் படத்துக்குள் யார் ஒளிந்திருக்கிறார் என்று புரிந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கதை

ஆக்டன் மியர்ஸ் ஒரு அமெரிக்கத் தூதரக அதிகாரி, பெரும் பணக்காரரின் மகன். அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வரும் என்று காத்திருக்கிறான். மனைவியோடு உறவு சரியில்லை. ஊர் திரும்பும் வழியில் கப்பல் ஹாங்காங்கில் நிற்கிறது. அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் அவனுக்கு மூன்று ரஷ்யச் சீமாட்டிகளை அறிமுகம் செய்கிறார். பட்டம்தான் சீமாட்டி, வேலை நடனக்கூடத்தில் மாலுமிகளோடு காசுக்கு ஆடுவது. அன்று இரவு முழுக்க ஷாம்பெயின், நடனம், சிரிப்பு. மறுநாள் கப்பல் கிளம்பிய பிறகு தலைவலியோடு எழுந்த ஆக்டன் தன் அறை அலமாரிக்குள் ஒரு பெண்ணைக் காண்கிறான். நடாஷா. முந்தின இரவின் நடன உடையோடு அப்படியே ஒளிந்திருக்கிறாள். கையில் பாஸ்போர்ட் இல்லை. எந்த நாட்டுக் குடிமகளும் இல்லை.

அவளைப் பிடித்துக் கொடுத்தால் அவள் திரும்ப ஹாங்காங்குக்குத்தான் போக வேண்டும். வைத்துக்கொண்டால் பத்திரிகைகளில் அவதூறு வெடிக்கும், இவன் பதவி போகும். இந்த இழுபறியிலேயே கப்பல் பசிபிக்கைக் கடக்கிறது. கதவு மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒருவர் குளியலறைக்கும் இன்னொருவர் படுக்கையறைக்கும் ஓடுகிறார்கள். பிறகு ஒரு யோசனை. ஆக்டனின் பணியாள் ஹட்சனை நடாஷாவுக்குக் கட்டி வைத்தால் அவளுக்கு அமெரிக்காவில் இறங்க வழி கிடைக்குமே! கப்பல் கேப்டன் முன்னால் அந்தக் கல்யாணமும் நடக்கிறது. அப்புறம் ஹொனலுலுவில் ஆக்டனின் மனைவி மார்த்தா கப்பலில் ஏறுகிறாள், நடாஷா கடலில் குதித்து நீந்திக் கரை சேர்கிறாள். கடைசியில் ஒரு ஹோட்டல் நடனக்கூடத்தில் இருவரும் சேர்கிறார்கள்.

பிரிட்டிஷ் சினிமாவுக்குக் கப்பல் நகைச்சுவை புதிதில்லை. 1953-ல் அலெக் கின்னஸ் இரண்டு துறைமுகத்தில் இரண்டு மனைவி வைத்திருக்கும் கேப்டனாக 'தி கேப்டன்ஸ் பாரடைஸ்' படத்தில் வந்தார். 1955-ல் 'டாக்டர் அட் சீ'. அந்தப் படங்களில் கப்பல் ஒரு விடுமுறை. வெயில், டெக், சீருடை, கொஞ்சம் சேட்டை. சாப்ளினின் கப்பலில் நாம் டெக்கில் நிற்பதே குறைவு. நான்கு சுவர், சில கதவுகள், ஒரு மணி. படப்பிடிப்பு இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் அமைத்த அறைகளில் நடந்தது.

பழைய கதை, பழைய பயணம்

இந்தக் கதைக்கு விதை 1930-களில் விழுந்தது. 'மாடர்ன் டைம்ஸ்' வெளியான 1936-ல் சாப்ளின், அதன் கதாநாயகியும் தன் துணைவியுமான பாலெட் கோடார்டோடு கீழை நாடுகளுக்குப் போனார். ரஷ்யப் புரட்சிக்குப் பின் ஓடிவந்த குடும்பங்கள் அப்போது சீனத் துறைமுகங்களில் நிறைய இருந்தன. 1921-ல் சோவியத் அரசு, நாட்டை விட்டுப் போனவர்களின் குடியுரிமையை ஒரே ஆணையில் பறித்தது. மறுவருடம் நார்வேக்காரர் நான்சென் முயற்சியால் அகதிகளுக்கென்று ஒரு தனிப் பயண ஆவணம் வந்தது, ஆனால் அது எல்லோர் கைக்கும் எட்டவில்லை. ஷாங்காய்க்குள் நுழைய விசா கேட்க மாட்டார்கள் என்பதால் நாடில்லாதவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு காலத்தில் தளபதிகளாக இருந்தவர்கள் வாசல் காவலர்கள் ஆனார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களில் பலர் நடனக்கூடங்களுக்குப் போனார்கள்.

கோடார்டுக்காக அப்போதே 'ஸ்டோவவே' என்ற பெயரில் சாப்ளின் ஒரு கதை எழுதி வைத்தார். கப்பலில் களவாக ஏறியவள் என்று அர்த்தம். அவர்கள் பிரிந்துவிட்டார்கள், கதை பெட்டிக்குள் போனது. முப்பது வருடம் கழித்து அதைத் தூசி தட்டி எடுத்தார்.

அந்த முப்பது வருடத்துக்கு நடுவில் ஒன்று நடந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு இந்தப் படத்தைப் பேசுவது சரியில்லை என்பது என் எண்ணம்.

1952 செப்டம்பரில் சாப்ளின் குடும்பத்தோடு நியூயார்க்கிலிருந்து 'குயீன் எலிசபெத்' கப்பலில் லண்டனுக்குப் புறப்பட்டார். 'லைம்லைட்' பட வெளியீட்டுக்கான பயணம். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் மெக்ரானரி, சாப்ளின் திரும்ப நுழைவதற்கான அனுமதியை ரத்து செய்தார். நாற்பது வருடம் அமெரிக்காவில் வாழ்ந்தும் சாப்ளின் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கவே இல்லை, கடைசிவரை பிரிட்டிஷ் குடிமகன்தான். வீடு, ஸ்டுடியோ, சொத்து எல்லாம் அங்கே. அவர் கடல் நடுவில். இனி நுழைய வேண்டுமென்றால் குடியேற்ற அதிகாரிகள் முன் நின்று தன் அரசியலுக்கும் ஒழுக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் திரும்பவில்லை. சுவிட்சர்லாந்தில் குடியேறினார்.

கப்பலில் ஒரு மனுஷி, கையில் தாள் இல்லை, கப்பல் போவது அமெரிக்காவுக்கு, இறங்க விடமாட்டார்கள். 1936-ல் எழுதியபோது அது அடுத்தவர் கதை. 1966-ல் எடுத்தபோது அது அவர் கதையாகவும் ஆகிவிட்டது. சாப்ளின் அப்படிச் சொன்னாரா என்பது எனக்கு முக்கியமில்லை. நடாஷா பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசும் இடங்களில் கேமரா கேலி செய்யாமல் நிற்பதைப் பார்த்தாலே போதும்.

நாடோடி எங்கே போனான்?

என்னை இந்தப் படத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது 'சிட்டி லைட்ஸ்' என்று சொன்னேன் அல்லவா. அந்த 1931 படத்தில் ஒரு பணக்காரன் வருவான். குடித்திருக்கும்போது, சாப்ளின் படத்துக்குப் படம் போட்ட அந்த ஏழை வேஷமான நாடோடியைக் கட்டிப்பிடித்து, வீட்டுக்குக் கூட்டிப்போய், காரையே தூக்கிக் கொடுப்பான். விடிந்து போதை தெளிந்ததும், "யார் இவன்?" என்று வெளியே தள்ளச் சொல்வான். படம் முழுக்க இது திரும்பத் திரும்ப நடக்கும். சிரிப்போம், ஆனால் தொண்டையில் ஏதோ அடைக்கும்.

ஆக்டன் மியர்ஸ் அதே பணக்காரன்தான். இரவில் ஷாம்பெயினோடு நடாஷாவைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறான். காலையில் அலமாரியைத் திறந்ததும், "வெளியே போ!" என்கிறான். அப்படியானால் நடாஷா யார்? அவள்தான் நாடோடி.

இந்தக் கண்ணோடு பார்த்தால் எல்லாமே இடத்தில் வந்து உட்காருகிறது. அவளுக்கு மாற்று உடை கிடையாது. ஆக்டனின் பைஜாமாவை மாட்டிக்கொண்டு நிற்கிறாள், கை நுனியும் கால் நுனியும் துணிக்குள் தொலைந்து போகின்றன. தொளதொளக் கால்சட்டை போட்ட நாடோடியை நினைக்காமல் அதைப் பார்க்க முடியாது. பிறகு அவளுக்காக வாங்கிவரும் உடைகளும் அளவு தப்பியவை. அவளுக்குப் பசி, அதை மறைக்கும் மிடுக்கு, அதிகாரியைக் கண்டால் ஓட்டம், யாரும் பார்க்காதபோது ஒரு சின்னத் திருட்டுப் புன்னகை. எழுபத்தேழு வயதில் அந்த வேஷத்தைத் தானே போட முடியாத மனிதர் அதை சோஃபியா லாரனுக்கு உடுத்தி விட்டிருக்கிறார்.

லாரன் அதைப் புரிந்துகொண்டு நடித்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். அவர் கதையைப் படிக்காமலேயே ஒப்புக்கொண்டவர், சாப்ளின் நடித்துக் காட்டியதை அப்படியே வாங்கிக்கொண்டவர். பெரிய பைஜாமாவோடு அவர் அறையைக் கடக்கும் நடையில் ஒரு கண்ணியம் இருக்கிறது. அந்தக் கண்ணியம்தான் சிரிப்பையே கொண்டுவருகிறது.

எங்கே உடைந்தது

சரி, இவ்வளவு இருந்தும் படம் ஏன் தடுமாறியது? வண்ணமும் அகலத் திரையும் அவருக்குப் பிடிபடவில்லை, 1967-ன் லண்டன் வேறு தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தது என்று அப்போதே சொன்னார்கள். அதில் பாதி உண்மை. ஆனால் பழைய பாணி என்பதால் மட்டும் ஒரு நகைச்சுவை சாகாது. எனக்குத் தெரிந்து கோளாறு வேலை செய்த முறையில் இருந்தது.

சாப்ளின் எழுதி முடித்துவிட்டுப் படம் எடுத்தவர் கிடையாது. கேமராவை ஓடவிட்டு, செய்து பார்த்து, தூக்கி எறிந்து, மறுபடி செய்து, அப்படித்தான் அவருக்குச் சிரிப்பு கிடைக்கும். 'சிட்டி லைட்ஸ்' படத்தில் பூக்காரப் பெண்ணை நாடோடி சந்திக்கும் ஒரே காட்சியை நூற்றுக்கணக்கான தடவை எடுத்தார். சொந்த ஸ்டுடியோ, சொந்தப் பணம், கேட்பதற்கு ஆள் இல்லை. பைன்வுட்டில் நிலைமை வேறு. யுனிவர்சல் நிறுவனத்தின் பணம், வாடகை ஸ்டுடியோ, 1966 ஜனவரி 25-ல் தொடங்கிய சுமார் 14 வாரப் படப்பிடிப்பு, மணிக்கணக்கில் சம்பளம் ஓடும் நட்சத்திரங்கள். தேடிப் பார்க்க நேரம் கிடையாது. அதனால் தேடலை அவர் தன் உடம்புக்குள்ளேயே முடித்துவிட்டு வந்தார். ஒவ்வொரு பாத்திரத்தையும் தானே நடித்துக் காட்டி, அதை அப்படியே செய்யச் சொன்னார். தலை எப்போது திரும்ப வேண்டும், கோப்பை எந்த நொடியில் கீழே வைக்கப்பட வேண்டும் என்பது வரை.

அந்த முறைக்கு மார்லன் பிராண்டோவைவிடப் பொருந்தாத ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். பிராண்டோ பாத்திரத்தின் உள்ளே இறங்கி, காரணம் தேடி, அங்கிருந்து அசைவைக் கண்டுபிடிக்கிற நடிகர். அவரிடம் வந்து, "இப்படித் திரும்பு, இப்படி ஓடு" என்றால்? சாப்ளின் மீது பெரும் மதிப்பு வைத்துத்தான் அவர் ஒப்புக்கொண்டார். சில வாரங்களில் அது கசந்துபோனது. சாப்ளின் தன் மகன் சிட்னியை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்ட விதம் அவரை மிகவும் கோபப்படுத்தியது. 1994-ல் வந்த சுயசரிதையில் பிராண்டோ அதை மிகக் கடுமையான வார்த்தைகளில் எழுதியிருக்கிறார். அவருக்கும் லாரனுக்கும் இடையிலும் இணக்கம் இல்லை.

இதெல்லாம் திரைக்குப் பின்னால் நடந்தது. ஆனால் திரையில் தெரிகிறது. கதவுக்குக் கதவு ஓடும் காட்சியில் லாரன் எடையில்லாமல் ஓடுகிறார். பிராண்டோ கடமைக்கு ஓடுகிறார். ஆக்டனுக்கு அவள் மேல் காதல் வந்துவிட்டது என்று வசனம் சொல்கிறது, முகம் சொல்லவில்லை. காதல் நகைச்சுவையில் இது சின்னக் குறை இல்லை.

இதில் பிராண்டோவை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'சிட்டி லைட்ஸ்' பணக்காரன் ஒரு துணைப் பாத்திரம், கோமாளித்தனமாக எழுதினால் போதும். அதே ஆளைக் கதாநாயகனாக்கி, காதலிக்க வைத்து, நம்மையும் அவன் பக்கம் சாய வைக்க வேண்டுமென்றால் அவனுக்கென்று ஒரு உள்மனசு எழுதப்பட்டிருக்க வேண்டும். சாப்ளின் அதை எழுதவில்லை. அவர் கவனம் முழுக்க அலமாரிக்குள் இருந்தவள் மேல்தான்.

மார்த்தாவாக வரும் டிப்பி ஹெட்ரனின் நிலையும் இப்படித்தான். ஹிட்ச்காக்கின் இரண்டு படங்களில் நாயகியாக இருந்துவிட்டு வந்தவர், படத்தின் கடைசிப் பகுதியில்தான் நுழைகிறார். பாத்திரம் சிறியது என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. ஆனால் வந்த அந்தச் சில நிமிடங்களில் கப்பலின் காற்றே மாறுகிறது. கத்தாமல், கையை ஓங்காமல், ஒரு பார்வையிலேயே கணவனை அளந்துவிடுகிற மனைவி. பிராண்டோ விழித்துக்கொண்டு நடிப்பதும் அவரோடு மட்டும்தான். இந்த ஜோடியை முதல் அரைமணியிலேயே காட்டியிருந்தால் ஆக்டன் எதை விட்டு வருகிறான் என்பது நமக்குப் புரிந்திருக்கும்.

பிழைத்த இடங்கள்

பணியாள் ஹட்சனாக வரும் பேட்ரிக் கார்கில். இவர் ஒருவருக்காகவே படத்தைப் பார்க்கலாம் என்பேன். முதலாளி உத்தரவுக்காக முன்பின் தெரியாத அழகியைக் கட்டிக்கொண்ட நடுத்தர வயதுப் பணியாள். கல்யாணம் வெறும் தாளுக்காகத்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளே ஒரு சின்ன ஆசை துள்ளுகிறது. அன்று இரவு படுக்கப் போகும் நேரத்தில் அவர் தனக்குள் பொங்கிப் பொங்கி அடங்கும் காட்சி மௌனப் படக் காலத்துக்கே நம்மைக் கொண்டுபோய்விடும். நாடக மேடையில் ஊறிய கார்கிலுக்கு, அசைவைச் சொல்லிக் கொடுத்தால் அதற்கு உயிர் கொடுக்கத் தெரிந்திருக்கிறது.

சிட்னி சாப்ளின், ஆக்டனின் நண்பன் ஹார்வியாக வருகிறார். இயல்பாக, லேசாக இருக்கிறார். மார்கரெட் ரதர்ஃபோர்ட் ஒரே காட்சியில் படுக்கையில் கிடக்கும் கிழவியாக வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போகிறார்.

பிறகு பாட்டு. சாப்ளினே வரிகளும் மெட்டும் எழுதிய 'திஸ் இஸ் மை சாங்'. இதைப் பழைய அமெரிக்கப் பாடகர் ஆல் ஜால்சன் பாட வேண்டும் என்று அவருக்கு ஆசை, ஆனால் ஜால்சன் 1950-லேயே இறந்துவிட்டார். பிரிட்டிஷ் பாடகி பெடுலா கிளார்க்குக்கு ஆங்கில வரிகள் மிகப் பழையதாகத் தோன்றி, பாடத் தயங்கினார். கடைசியில் பாடினார், 1967 பிப்ரவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே வருடம் ஹேரி சீகம் பாடியது இரண்டாம் இடம் வரை போனது. பழைய வாசனை அடிக்கிறது என்று படத்தை ஒதுக்கிய அதே ஊரில், அதே வாரங்களில், அதே வாசனையுள்ள மெட்டைக் கடைகடையாகத் தேடி வாங்கினார்கள். பழமை மட்டும்தான் படத்தைக் கவிழ்த்தது என்று யாராவது சொன்னால் நான் இந்தப் பாட்டைக் காட்டுவேன். மெட்டுக்கும் கேட்பவருக்கும் நடுவே பாடகி தடையாக நிற்கவில்லை. படத்தில் சாப்ளினின் தாளத்துக்கும் நமக்கும் நடுவே கதாநாயகன் நின்றார்.

படத்தில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி கடல் கொந்தளிக்கும் இடம். 1917-ல் 'தி இமிகிரன்ட்' என்ற சிறு படத்தில் சாப்ளின் கப்பல் ஆட்டத்தை வைத்து விளையாடியிருப்பார். அமெரிக்காவுக்குக் குடியேறப் போகும் ஏழைகள், ஆடும் சாப்பாட்டு மேஜையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கி ஓடும் தட்டு. ஐம்பது வருடம் கழித்து அதே ஆட்டம் முதல் வகுப்பு அறைக்குள் வருகிறது. ஆக்டன், ஹார்வி, நடாஷா மூவருக்கும் குமட்டல். அதுவரை முதலாளி, நண்பன், களவாக ஏறியவள் என்று மூன்று தட்டில் இருந்தவர்கள் அந்த ஆட்டத்தில் ஒரே நிலைக்கு வந்துவிடுகிறார்கள். பிராண்டோவும் இங்கே தப்பிக்கிறார், உடம்பு படுத்தும்போது பாத்திரத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தக் கொந்தளிப்பின் நடுவே கதவைத் திறந்துகொண்டு ஒரு வயதான கப்பல் ஸ்டூவர்ட் வருகிறார். வெள்ளைத் தலை. விருந்தினர்களைக் கவனிக்க வந்தவருக்கே வயிறு புரட்டுகிறது. சமாளிக்கப் பார்க்கிறார், முடியவில்லை, திரும்பிப் போய்விடுகிறார். படத்தில் இரண்டு தடவை, மிகக் குறைந்த நேரம்தான் வருவார். பெயர்கூடக் கிடையாது.

அது சாப்ளின். திரையில் அவரை அதற்குப் பிறகு நாம் நடிகராகப் பார்க்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அந்த வாசலில் அவர் தள்ளாடும் சில நொடிகளில் தோள், முழங்கால், கண் எல்லாம் தனித்தனியாக வேலை செய்கின்றன. அந்த அறைக்குள் எல்லோருக்கும் மூன்று மாதம் அவர் நடித்துக் காட்டியது எப்படி இருந்திருக்கும் என்று அங்கேதான் தெரிகிறது.